ஒரு வார்டின் வரலாறு

மலர் என்றால் ஹாஸ்டல் மெஸ், கட் அடித்த வகுப்பு, வார்டன் புராணம் மூன்றும் இருந்தே தீரும். அதையெல்லாம் என்னைவிட ருசியாக எழுதுகிறவர்கள் எங்கள் பேட்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் வேறொரு கூட்டத்தைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அவர்களும் வருஷா வருஷம் ஒன்றுகூடியவர்கள்தான். ஆனால் சக்கர நாற்காலியில்.

முதுகெலும்புக்குள் ஓடுகிற தண்டுவடம் ஒரு கேபிள் மாதிரி என்று நாமெல்லாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். கேபிள் அறுந்தால் ஜாயின்ட் போடலாம். இதைப் போட முடியாது. பண்டைய எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்றிலேயே கழுத்தெலும்பு நொறுங்கிக் கைகால் விளங்காமல் போனவனுக்கு வைத்தியம் இல்லை என்று எழுதி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மூவாயிரம் வருஷத்துக்கு மேலாக யாரும் அதை மாற்றி எழுதவில்லை. முதல் உலகப் போரில் இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் இறந்தார்கள். கொன்றது தண்டுவடக் காயம் அல்ல, இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். கொன்றவை இரண்டு. ஒன்று படுக்கைப் புண், இன்னொன்று சிறுநீர்ப் பையில் ஏறுகிற கிருமி.

1917இல் ஜெர்மனியில் ஒரு விபத்து மருத்துவமனையில் ஆர்டர்லியாக வேலை பார்த்த 18 வயதுப் பையன் ஒருவன், முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைப் பார்த்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள். மாவுக்கட்டுப் போட்டு, மறைப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். குறிப்பு எழுதப் போனவனிடம், எதற்கு எழுதுகிறாய், சில வாரத்தில் போய்விடுவார் என்றார்களாம். அப்படியே ஐந்து வாரத்தில் போய்விட்டார். அந்தப் பையன்தான் லுட்விக் குட்மன்.

பிறகு அவர் நரம்பியல் மருத்துவரானார். யூதர். 1938 நவம்பரில் நாஜிகள் யூதர்களின் வீடுகளையும் கோயில்களையும் கொளுத்திய இரவில், பிரெஸ்லாவ் நகர யூத மருத்துவமனையில் அவர்தான் பொறுப்பில் இருந்தார். யார் வந்தாலும் கேள்வி கேட்காமல் அட்மிட் செய்யுங்கள் என்று உத்தரவு போட்டார். மறுநாள் கெஸ்டபோ வந்து நின்றபோது ஒவ்வொரு படுக்கையாகப் போய் வாய்க்கு வந்த வியாதிப் பெயரைச் சொல்லி, ஏறக்குறைய 60 பேரைக் காப்பாற்றினார். 1939இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் கரையில் படை இறங்கப் போகிறது, முதுகில் அடிபட்டு வருகிறவர்கள் குவியப் போகிறார்கள் என்று பிரிட்டிஷ் அரசுக்குத் தெரியும். தனி வார்டு ஒன்று நடத்த முடியுமா என்று குட்மனைக் கேட்டார்கள். என் இஷ்டப்படி விட்டால் வருகிறேன் என்றார். 1944 பிப்ரவரி 1ஆம் தேதி, எய்ல்ஸ்பரி ஊருக்குப் பக்கத்தில் ஸ்டோக் மான்டவில் மருத்துவமனையில் 26 படுக்கைகளோடு வார்டு திறந்தது. முதல் நாள் இருந்த நோயாளி ஒரே ஒருவர். இந்த மாதிரி வார்டு உலகிலேயே இதுதான் முதல் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல, அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் டொனால்ட் மன்ரோ 1936இலேயே ஆரம்பித்துவிட்டார். ஸ்டோக் மான்டவில்லின் பெருமை வேறு.

என்னைக் கேட்டால் அங்கே நடந்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஒரு டைம்டேபிள். உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கம் கிடந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி, ரத்தம் ஓடாமல் அழுகும். நமக்குத் தூக்கத்திலும் உடம்பு தானாகப் புரண்டு கொடுக்கும், அவர்களுக்குக் கொடுக்காது. ஆகவே ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி பகல் பார்க்காமல், ஆர்டர்லிகள் சேர்ந்து தூக்கிப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை. 26 படுக்கையும் நிரம்பினால் 312 தடவை. கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த வார்டு எப்படி ஓடியிருக்கும் என்பது உறைத்தது. இதில் மருந்தும் இல்லை, மெஷினும் இல்லை. சரியாகப் புரட்டுகிறார்களா என்று பார்க்க குட்மன் நடுராத்திரியில் வார்டுக்குள் வந்து நிற்பாராம். மாவுக்கட்டையும் ஒழித்தார். சிறுநீர்க் குழாய் போடுவதை, கிருமி படாத முறையில், டாக்டர்களே செய்ய வேண்டும் என்று வைத்தார். மேல்மட்ட வேலை, கீழ்மட்ட வேலை என்ற பேச்சே அங்கே எடுபடவில்லை.

ஆராய்ச்சியும் அதே வார்டில்தான் நடந்தது. ஆக்ஸ்போர்டிலிருந்த உடலியல் நிபுணர் டேவிட் விட்டரிட்ஜும் குட்மனும் சேர்ந்து 1947இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மார்புக்கு மேலே தண்டுவடம் அறுந்தவருக்குச் சிறுநீர்ப் பை நிரம்பினால் அவருக்கு அது தெரியாது. ஆனால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும், தலை பிளக்கும், முகம் சிவந்து வேர்க்கும், நாடி மெதுவாகும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பையைக் காலி செய்தால் இறங்கிவிடும். நம் பாஷையில் சொன்னால், கன்ட்ரோல் ரூமோடு தொடர்பு அறுந்த பிறகும் கீழே ஒரு லூப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. தண்டுவட நோயாளியைக் கவனிக்கிற எந்த நர்சுக்கும் இன்றைக்கு இது பாலபாடம். (பின்னால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஏ.எஸ். பெயின்டல், எடின்பரோவில் இதே விட்டரிட்ஜிடம் ஆராய்ச்சி செய்தவர்.) அங்கேயே வேலை பார்த்த ஹான்ஸ் ஃபிராங்கலும் மற்றவர்களும் 1969இல் காயத்தின் கடுமையை ஏ முதல் ஈ வரை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

எல்லாவற்றிலும் குட்மன் சரி என்று நான் சொல்ல வரவில்லை. முறிந்த முதுகெலும்பில் சீக்கிரமே கத்தி வைப்பதை அவர் கடைசி வரை எதிர்த்தார். அந்தக் காலத்து ஆபரேஷன்களைப் பார்த்தவருக்கு அது நியாயமாக இருந்திருக்கும். பிற்காலத்தில் பல கேஸ்களில் ஆபரேஷன்தான் வழக்கமாகிவிட்டது. பிடிவாதக்காரர், ஹெட்மாஸ்டர் சுபாவம். ஆனாலும் நோயாளிகள் அவரை அப்பா என்கிற அர்த்தத்தில் 'பாப்பா' என்றே கூப்பிட்டார்கள்.

புண் ஆறியாயிற்று, காய்ச்சல் இல்லை. அடுத்து என்ன? படுக்கையில் கிடந்து கூரையைப் பார்ப்பதா? வார்டிலேயே தச்சு வேலை, கடிகார ரிப்பேர், டைப்ரைட்டிங் என்று பட்டறைகள் தொடங்கினார்கள். வீட்டுக்கு அனுப்புவது மட்டும் போதாது, மறுபடி சம்பாதித்து வரி கட்டுகிற ஆளாக அனுப்ப வேண்டும் என்பது குட்மனின் கட்சி. விளையாட்டு வந்த கதை இன்னும் ஜோர். நோயாளிகள் சிலர் கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒரு வட்டை அடித்து விளையாடிக்கொண்டிருந்ததை குட்மன் பார்த்துவிட்டார். திட்டவில்லை. ராணுவத்திலிருந்து வந்த உடற்பயிற்சி ஆசிரியர் ஹில் என்பவரோடு தானும் ஒரு நாற்காலியில் ஏறி ஆடிப் பார்த்தார். அதுதான் சக்கர நாற்காலி போலோ. ஆட்டம் ரொம்ப முரட்டுத்தனமாகப் போனதால் பிறகு அதைக் கைவிட்டுப் பந்து விளையாட்டுக்கு மாறினார்கள்.

வில்வித்தை மட்டும் நிலைத்தது. காரணம் சுத்த மெக்கானிக்ஸ். வில்லை இழுக்கத் தோளும் கையும் வேண்டும், இழுத்த பிறகு உடம்பு சாயாமல் நிற்க வேண்டும். இடுப்புக்குக் கீழே செயல் போனவருக்கு வேண்டிய பயிற்சி அத்தனையும் இதில் இருக்கிறது. நிற்கிறவனோடு உட்கார்ந்தபடி சரிசமமாகப் போட்டி போடவும் முடியும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸிலேயே நியூசிலாந்தின் நெரோலி ஃபேர்ஹால் சக்கர நாற்காலியிலிருந்து அம்பு விட்டார்.

1948 ஜூலை 29ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மான்டவில் புல்வெளியில் 14 ஆண்களும் 2 பெண்களும் வில்வித்தைப் போட்டி நடத்தினார்கள். மொத்தம் 16 பேர். நம்ம டிபார்ட்மென்ட் டே கூட்டத்தைவிடச் சின்னது. 1952இல் ஹாலந்திலிருந்து ஒரு அணி வந்தது. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளின் 400 பேர் கூடினார்கள். அதைத்தான் முதல் பாராலிம்பிக்ஸ் என்று இப்போது கணக்கு வைக்கிறார்கள். 1965 போரில் குண்டடிபட்ட நம் ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் 1972இல் ஹைடல்பர்க்கில் நீச்சலில் தங்கம் வாங்கியதற்கும் வேர் அந்தப் புல்வெளிதான்.

பொறியியல் தம்பி தங்கைகளுக்காக இன்னொன்று. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாதவர்களுக்கு அங்கே கூப்பிடு மணிதான் ஒரே வசதியாக இருந்தது. நோயாளிகளைப் பார்க்க வந்துபோன ரெக் மாலிங் என்பவர் அதைப் பார்த்து, வாயில் ஒரு குழாய் வைத்து, ஊதியும் உறிஞ்சியும் விளக்கு, டைப்ரைட்டர் எல்லாவற்றையும் இயக்குகிற கருவியை 1960களின் தொடக்கத்தில் செய்தார். 'பாஸம்' என்று பெயர். லத்தீனில் 'என்னால் முடியும்' என்று அர்த்தம். பத்து வருஷ ஸ்பெசிஃபிகேஷன் மீட்டிங்கில் வராத ஐடியா, நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வந்தது.

நம் ஊரில் இந்தக் கதையின் கிளை வேலூரில் இருக்கிறது. சி.எம்.சி.யின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். டாக்டர் பால் பிராண்டிடம் பயின்று, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் பிறகு நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவத்தைப் பார்த்து, படித்து, திரும்பி வந்து துறைப் பொறுப்பை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. அங்கே சிகிச்சை பெற்றுப் போனவர்களை மறுபடி கூப்பிட்டு ஆண்டுதோறும் ஒரு மேளா நடத்துகிறார்கள். விளையாட்டும் உண்டு, மருத்துவப் பரிசோதனையும் உண்டு. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனோ, கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர். 1975இல் கடற்படைத் தேர்வுக்குப் போன இடத்தில் கழுத்தில் அடிபட்டது. சிகிச்சை தந்த டாக்டர் அமர்ஜித் சிங்கின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார்.

சுவிட்சர்லாந்தின் லோசானில் 2023இல் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே எலெக்ட்ரானிக் பாலம் போட்டு ஒருவரை நடக்க வைத்த செய்தி வந்ததும் எங்கள் பேட்ச் குரூப்பில் அத்தனை பேரும் அதை எங்கள் நண்பன் ஒருவனுக்கு அனுப்பினோம். படித்து முடித்த இரண்டாம் வருஷம் பைக் விபத்தில் அவனுக்கு முதுகில் அடி. இப்போது டிசைன் ஆபீஸில் நல்ல வேலையில் இருக்கிறான். "படிச்சேன்டா, பிரமாதம். முதல்ல ரீயூனியன் ஹாலுக்கு எப்படி ஏறுறதுன்னு சொல்லுங்க" என்று பதில் போட்டான். போன தடவை நான்கு பேர் அவனை நாற்காலியோடு தூக்கிப் போனோம். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

ஆடிட்டோரியம் வாசலில் ஐந்து படி. ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், ஆக முப்பது அங்குலம் உயரம். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் முப்பது அடி நீளத்துக்கு ராம்ப் வேண்டும். இடது பக்கம் வேப்பமரம் வரை முப்பத்தாறு அடி இருக்கிறது. டேப் பிடித்து அளந்துவிட்டேன். வரைபடம் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன்.