ஹாட்டி மெக்டேனியலுக்குப் போட்ட தனி மேஜை



வருஷா வருஷம் ஆஸ்கர் நேரம் வந்தால் நம் குரூப்பில் இரண்டு நாளைக்கு அதே பேச்சுதான். யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது, யார் என்ன உடை உடுத்தி வந்தார்கள் என்று படங்கள் வந்து குவியும். நானும் ஆசையாகப் பார்ப்பேன். ஆனால் சமூக அறிவியல் எடுத்த வாத்தியாருக்கு ஒரு பழக்கம் விடாது. ஜெயித்தவர் பெயரை எழுதினால் ஒரு மார்க்தான். யாரெல்லாம் போட்டியில் இருந்தார்கள், யாரெல்லாம் பட்டியலுக்கே வர முடியவில்லை, ஜெயித்தவரை எங்கே உட்கார வைத்தார்கள் என்று எழுதினால்தான் ஐந்து மார்க். இன்று அந்த ஐந்து மார்க் கேள்விக்கு ஒரு பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

1940-ஆம் ஆண்டு பிப்ரவரி 29. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் அம்பாசடர் என்ற பெரிய ஓட்டல். அதில் கோகோநட் குரோவ் என்று ஒரு கூடம். அங்கேதான் 12-ஆவது அகாடமி விருது விழா நடந்தது. இப்போது போல வரிசையாக நாற்காலி போட்ட அரங்கம் இல்லை. வட்ட மேஜைகள் போட்டு, விருந்து பரிமாறி, சாப்பிட்டு முடித்த பிறகு விருது கொடுப்பார்கள். நம் ஊர் வழக்கப்படி சொன்னால் பந்தி போட்டு நடத்திய விழா.

அந்த வருஷத்துப் பட்டியலே ஒரு சினிமாப் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். சிறந்த படத்துக்கு மட்டும் 10 படங்கள் போட்டியிட்டன. 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்', 'ஸ்டேஜ்கோச்', 'வுதரிங் ஹைட்ஸ்', 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்', 'நினோச்கா' எல்லாம் அந்த ஒரே பட்டியலில் இருந்தவை. சிறந்த நடிகர் விருது ராபர்ட் டோனட்டுக்குப் போனது. 'குட்பை மிஸ்டர் சிப்ஸ்' என்ற படத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராக நடித்ததற்கு! கிளார்க் கேபிள், லாரன்ஸ் ஒலிவியர், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மிக்கி ரூனி ஆகிய நால்வரையும் ஒரு வாத்தியார் வேஷம் ஜெயித்துவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஆனால் அன்றைய ராஜா 'கான் வித் தி விண்ட்' படம்தான். 13 நாமினேஷன்கள். அவற்றில் 8 விருதுகள். சிறந்த படம், சிறந்த இயக்குநர் விக்டர் ஃப்ளெமிங், சிறந்த நடிகை விவியன் லீ என்று வரிசையாகத் தட்டிச் சென்றது. திரைக்கதைக்கு விருது பெற்ற சிட்னி ஹோவர்ட் விழாவுக்குச் சில மாதம் முன்பே ஒரு டிராக்டர் விபத்தில் இறந்துபோயிருந்தார்.

இனி நான் சொல்ல வந்த பட்டியல். சிறந்த துணை நடிகைக்கு ஐந்து பேர் போட்டியில் இருந்தார்கள்: ஒலிவியா டி ஹாவிலண்ட், ஜெரால்டின் ஃபிட்ஸ்ஜெரால்டு, எட்னா மே ஆலிவர், மரியா ஔஸ்பென்ஸ்காயா, ஹாட்டி மெக்டேனியல். இந்த ஐவரில் ஹாட்டி மட்டும் கறுப்பினப் பெண். அதற்கு முன் நடந்த 11 விழாக்களில் ஒரு கறுப்பினக் கலைஞரின் பெயர் கூட நடிப்புக்கான நாமினேஷனில் வந்ததில்லை. அவரும் ஒலிவியாவும் ஒரே படத்தில், 'கான் வித் தி விண்ட்'டில் நடித்தவர்கள். ஒலிவியா எஜமானர் வீட்டுப் பெண்ணாக. ஹாட்டி வீட்டு வேலைக்காரியாக, மாமி என்ற அடிமைப் பெண்ணாக.

ஹாட்டி யார் என்று பார்ப்போம். கன்சாஸ் மாநிலத்து விச்சிடா ஊரில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அப்பா அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் சேர்ந்து அடிமை முறைக்கு எதிராகச் சண்டை போட்டவர். நிறையப் பிள்ளைகள் இருந்த ஏழைக் குடும்பம். ஹாட்டி பாடுவார், ஆடுவார், நாடகம் போடுவார். 1929-இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது மேடை வேலை போய்விட்டது. மில்வாக்கி நகரத்தில் ஓர் இரவு விடுதியில் பெண்கள் கழிப்பறைப் பணியாளராகச் சேர்ந்தார். ஒருநாள் பாட வாய்ப்புக் கொடுத்தார்கள். அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டார். 1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். படத்துக்குப் படம் வேலைக்காரி வேஷம்தான். வேறு வேஷம் அவருக்கு யார் கொடுத்தார்கள்?

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'கான் வித் தி விண்ட்' அடிமை முறை இருந்த தெற்கத்திக் காலத்தை ஏதோ பொற்காலம் மாதிரிக் காட்டிய படம். படப்பிடிப்புக்கு முன்பே கறுப்பினப் பத்திரிகைகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அந்த எதிர்ப்பால் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் கறுப்பின மக்களைக் கேவலப்படுத்தும் வசைச்சொல்லை வசனத்திலிருந்து எடுத்தார். ஆனால் கதை அதே கதைதான்.

1939 டிசம்பர் 15-இல் படத்தின் முதல் காட்சி அட்லாண்டா நகரில் நடந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து உட்காரக் கூடாது என்பது சட்டம். அதனால் படத்தில் நடித்த ஹாட்டியே தன் படத்தின் முதல் காட்சிக்குப் போக முடியவில்லை. கூத்தைக் கேளுங்கள். முந்தின நாள் இரவு நடந்த கொண்டாட்டத்தில் பழைய அடிமைகள் மாதிரி உடுத்திக்கொண்டு ஒரு தேவாலயப் பாடகர் குழு பாடியது. அதில் 10 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் மார்ட்டின் லூதர் கிங். ஆமாம், அவரேதான். எட்டாம் வகுப்பில் நான் யாரைப் பற்றி உங்களுக்கு நீளமாகப் பாடம் எடுத்தேனோ, அவர்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸ் தென் மாநிலம் இல்லை. அங்கே அப்படிச் சட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. அங்கே பிரித்தது வழக்கம். அம்பாசடர் ஓட்டலில் கறுப்பினத்தவரை விருந்தினராக உள்ளே விடுவதில்லை. ஹாட்டியை விழாவுக்குள் விடுவதற்கே செல்ஸ்னிக் தனியாகப் பேசி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. விட்டார்கள். ஆனால் படக்குழுவின் மேஜையில் அவருக்கு இடம் இல்லை. செல்ஸ்னிக், விவியன் லீ, ஒலிவியா எல்லோரும் ஒரு மேஜை. ஹாட்டிக்குக் கூடத்தின் கோடியில், சுவரோரமாக, சின்னதாக ஒரு தனி மேஜை. துணைக்கு வந்தவரும் அவருடைய ஏஜெண்டும் அங்கே கூட இருந்தார்கள்.

அன்றைக்கு இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அந்தக் காலத்தில் முடிவுகளைப் பத்திரிகைகளுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். இரவு 11 மணி வரை வெளியிடக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை அதை மீறி மாலைப் பதிப்பிலேயே அச்சிட்டுவிட்டது. விழாவுக்கு வந்தவர்கள் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டே உள்ளே போக முடிந்தது. அடுத்த வருஷத்திலிருந்துதான் ஒட்டிய உறைக்குள் பெயரை வைத்து மேடையில் பிரிக்கும் பழக்கம் வந்தது. நீங்கள் டி.வி.யில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் அந்த உறைக்கு இதுதான் கதை. ஆகவே யோசித்துப் பாருங்கள். ஜெயிக்கப் போகிறவர் ஹாட்டி என்று அச்சில் வந்துவிட்டது. அப்படியும் மேஜை மாறவில்லை.

ஃபே பெய்ன்டர் என்ற நடிகை ஹாட்டியின் பெயரை அறிவித்தார். தலையில் வெள்ளைக் கார்டினியா பூ வைத்துக்கொண்டு ஹாட்டி சுவரோரத்திலிருந்து எழுந்து, அத்தனை மேஜைகளையும் கடந்து மேடைக்கு வந்தார். கூடமே கைதட்டியது. தன் இனத்துக்கும் திரைத்துறைக்கும் பெருமை சேர்ப்பவளாக எப்போதும் இருக்க விரும்புகிறேன் என்ற பொருளில் ஒரு நிமிஷம் பேசினார். குரல் தழுதழுத்தது. அந்தப் பேச்சின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. தேடிப் பாருங்கள். அவருக்குக் கிடைத்தது சிலை இல்லை, ஒரு சின்னப் பட்டயம். அது மட்டும் இன பேதம் இல்லை. துணை நடிகர் நடிகையருக்கு அன்று எல்லோருக்கும் பட்டயம்தான். 1944 விழாவிலிருந்துதான் முழுச் சிலை.

விருது வாங்கிய பிறகு வாழ்க்கை மாறியதா? வேஷம் மாறவில்லை. 1947-இல் வானொலித் தொடர் ஒன்றின் நாயகியானார். அதிலும் வேலைக்காரிதான். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட், இப்படிப்பட்ட வேஷங்களை எதிர்த்துப் பேசிவந்தார். வாரம் ஏழு டாலருக்கு வேலைக்காரியாக இருப்பதைவிட எழுநூறு டாலருக்கு வேலைக்காரியாக நடிப்பது மேல் என்று ஹாட்டி பதில் சொன்னதாகச் சொல்வார்கள். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. அந்த வேஷங்கள் ஒரு இனத்தையே சிறுமைப்படுத்தின என்பது உண்மை. கழிப்பறை வாசலில் நின்று சம்பாதித்த பெண்ணுக்குக் கிடைத்த ஒரே கதவு அதுதான் என்பதும் உண்மை. ஒருவரையொருவர் குறை சொன்ன இவர்கள் இருவருமே அந்தக் கதவுகளை அடைத்தவர்கள் இல்லை.

ஆனால் ஹாட்டி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பாதித்த காசில் லாஸ் ஏஞ்சல்ஸில் சுகர் ஹில் என்ற பகுதியில் பெரிய வீடு வாங்கினார். அந்தப் பகுதி வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதியிருந்தார்கள். அவர்களை வெளியேற்றச் சொல்லி வெள்ளை அண்டைவீட்டார் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஹாட்டியும் மற்ற கறுப்பின வீட்டுக்காரர்களும் சேர்ந்து வழக்கை எதிர்கொண்டார்கள். லோரன் மில்லர் என்ற வக்கீல் வாதாடினார். 1945 டிசம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 1948-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. விருது விழாவில் கிடைக்காத இடத்தை வழக்காடி வாங்கினார் அந்த அம்மா. என்னைக் கேட்டால் அந்தப் பட்டயத்தைவிட இந்தத் தீர்ப்பே பெரிய விருது.

1952 அக்டோபரில் மார்பகப் புற்றுநோயால் ஹாட்டி இறந்தார். ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது கடைசி ஆசை. அங்கே வெள்ளையருக்கு மட்டும்தான் இடம் என்று மறுத்துவிட்டார்கள். வேறு கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். 1999-இல்தான் அந்த ஹாலிவுட் கல்லறையில் அவருக்கு ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். பட்டயத்தை ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். அது பிற்பாடு காணாமல் போய்விட்டது. 2023 அக்டோபரில் அகாடமி அதே போல ஒன்றைச் செய்து அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஹாட்டிக்குப் பிறகு போட்டியில் ஜெயித்து நடிப்புக்கான விருது வாங்கிய அடுத்த கறுப்பினக் கலைஞர் சிட்னி பாய்ட்டியர், 1964-இல். 24 வருஷம். அடுத்த கறுப்பினப் பெண் ஹூப்பி கோல்ட்பர்க், 1991-இல். 51 வருஷம். சிறந்த நடிகை விருதை ஒரு கறுப்பினப் பெண், ஹாலி பெர்ரி, முதல் முறையாக வாங்கியது 2002-இல். 62 வருஷம். ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று கைதட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது எவ்வளவு சுலபம் என்பதை இந்த மூன்று எண்களும் சொல்லும். வெறும் வெற்றியாளர் பெயர்களை மனப்பாடம் செய்தால் இது தெரியாது. நாமினேஷன் பட்டியலையும் வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் தெரியும்.

உங்களில் பலர் இன்று தலைமையாசிரியர், அதிகாரி, கம்பெனி முதலாளி. ஆண்டு விழா நடத்துகிறீர்கள், பொன்னாடை போர்த்துகிறீர்கள். சமையல்கார அம்மாவையும் துப்புரவுப் பணியாளரையும் மேடைக்குக் கூப்பிட்டுக் கௌரவிப்பதைப் படங்களில் பார்க்கிறேன். சந்தோஷம். பொன்னாடை போர்த்திய பிறகு அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதையும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு செய்தி. அந்த அம்பாசடர் ஓட்டல் இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இன்று அரசுப் பள்ளிகள் நடக்கின்றன. ஹாட்டியை வாசலில் நிறுத்தி யோசித்த அதே மனையில் இன்று எந்த நிறத்துப் பிள்ளையும் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம். வாத்தியாருக்கு இதைவிட என்ன வேண்டும்?

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்