குமரப்பாவும் கல்லுப்பட்டியும்: அரசுக்கு வேலை குறையும் பொருளாதாரம்

‘அராஜகம்’ என்ற சொல் தமிழ்ப் பேச்சுவழக்கில் அடாவடியைக் குறித்தாலும், அரசியல் தத்துவத்தில் அது, காவலும் தண்டனையும் இல்லாமலே மக்கள் தமக்குள் ஒழுங்கை அமைத்துக்கொள்ளும் அரசற்ற வாழ்வைச் சுட்டும். 1916 பிப்ரவரியில் காசியில் பேசிய காந்தி, குண்டெறிபவர்களிடமிருந்து வேறுபட்ட அராஜகவாதி என்று தம்மை அறிவித்துக்கொண்டது இப்பொருளில்தான். அந்த எண்ணத்துக்குப் பொருளாதார அடித்தளம் அமைத்தவர், 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்கியலும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் பயின்று, தம் இறுதி ஆண்டுகளை மதுரைக்குத் தென்மேற்கே டி. கல்லுப்பட்டியில் கழித்த ஜே. சி. குமரப்பா ஆவார்.

1940களில் ஜபல்பூர் சிறையிலிருந்தபோது எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் அவர், உழைக்காமல் பறித்துண்ணும் குரங்கையும், தன் கூட்டைத் தானே முடையும் தூக்கணாங்குருவியையும், கூட்டத்துக்காக உழைக்கும் தேனீயையும், கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையையும் காட்டி, மனிதப் பொருளாதாரங்களை வகைப்படுத்தினார். எங்கோ விளைவதை வாங்கி எங்கோ விற்கும் பேராலைக்குத் தொலைதூரச் சந்தையும், அச்சந்தையைக் காக்கப் படையும், படையை நடத்த வலிய அரசும் தேவைப்படுகின்றன என்பதே அவருடைய வாதத்தின் உயிர். அதனால்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ விளக்கை அவர் பரப்பினார். செக்கு ஓடும் ஊரில் விளக்கெரிய எந்தக் கப்பலும் வரவேண்டியதில்லை.

ஆயினும் அவர் அரசுச் சீர்திருத்தத்தை ஒதுக்கியவர் அல்லர். காங்கிரஸ் கட்சி அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, இடைத்தரகர் ஒழிப்பையும், உழுபவனுக்கு நில உரிமையையும், நில உச்சவரம்பையும் 1949இல் வெளிவந்த அறிக்கையில் பரிந்துரைத்தார். இதில் முரண் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் நிலம் ஒருசிலரிடம் குவிந்திருக்கும்வரை கிராமத் தன்னாட்சி வெறுஞ்சொல்லாகவே நிற்கும் என்பதால், அவ்வொரு தடையை நீக்கும் அளவுக்கேனும் சட்டம் தேவை என்ற அவரது நிலை, கலப்பில்லாத அரசின்மைவாதத்தைவிட உண்மைக்கு நெருக்கமானது. பதவிக்கு வெளியே நிற்கும் நிர்மாண ஊழியர்கள், அதாவது கதர், கிராமக் கைத்தொழில் போன்ற ஆக்கப்பணிகளில் ஈடுபட்டோர், ஆட்சியாளர்களைக் கண்காணித்து நெறிப்படுத்த வேண்டும் என்றும் அவர் கருதினார்.

கோ. வேங்கடாசலபதி 1940இல் நிறுவிய கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமம், மழையையும் கண்மாயையும் நம்பிய கரிசல் வெளியில் அமைந்தது. நூற்பும் கைத்தொழிலும் நடந்த அவ்விடத்தில் 1950களில் குடியேறிய குமரப்பா, காந்தி கொல்லப்பட்ட நினைவுநாளான ஜனவரி 30 அன்றே, 1960இல் மறைந்தார்.