உள்ளே போவதெல்லாம் பொருந்துவதல்ல

பட்டாபிராமில் எனக்குத் தெரிந்த ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று அந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர்கள் அநேகம். அங்குள்ள ரயில் நிலையம் ஒன்றுக்கே ‘மிலிட்டரி சைடிங்’ என்றுதான் பெயர். நம் ஹவில்தாருக்கு வங்கி ஒன்றில் காவல் வேலை கிடைக்கும் போலிருந்தது. ஆனால் சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால்தான் வேலை. தகப்பனார் வழியில் வந்த இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் உண்டு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் இடுவதோடு சரி. அதைச் சுட்டுப் பல காலம் ஆயிற்று. புதிதாக ஒரு பெட்டித் தோட்டா வாங்கி வந்து, ஒன்றை எடுத்துக் குழலில் போட்டுக் காட்டினார்.

“பாருங்க சார், அளவெடுத்த மாதிரி உக்காருது. அப்புறம் என்ன சந்தேகம்?”

சந்தேகம் பிறக்க வேண்டிய இடமே அதுதான். ஏன் என்று சொல்வதற்கு நூற்றைம்பது வருஷம் பின்னே போக வேண்டும்.

அந்தக் குழலை வெளிச்சத்தில் பிடித்தால், பழுப்பு நிறத்தில் சுருள் சுருளாக ஒரு கோலம் தெரிகிறது. இதை டமாஸ்கஸ் குழல் என்பார்கள். டமாஸ்கஸ் வாளுக்கு நம் தென்னாட்டு உருக்கு போயிற்று என்று நாம் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் அந்தப் பெருமைக்கும் இந்தக் குழலுக்கும் சம்பந்தம் இல்லை. வாளில் காணும் வரி உருக்கின் உள்ளேயே விளைந்தது. குழலின் வரியோ, இரும்பையும் உருக்கையும் சேர்த்து முறுக்கி, நாடாவாகத் தட்டி, ஓர் உருளையில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியதால் வந்தது. இங்கிலாந்தில் பர்மிங்காமிலும் பெல்ஜியத்தில் லீஜ் நகரிலும் இது பெருந்தொழிலாக நடந்தது. சென்னை மவுண்ட் ரோடில் பி. ஆர் அண்டு சன்ஸ் கடிகாரத்தோடு துப்பாக்கியும் விற்ற காலம் அது.

மட்டமான சரக்கு என்று சொல்லிவிட முடியாது. 1888-ல் பர்மிங்காம் சோதனைச் சாலையில் 39 வகைக் குழல்களைச் சோதித்தபோது, முறுக்கி ஒட்டிய ஆங்கிலக் குழல் ஒன்றுதான் முதலில் வந்தது. ஆனால் அவை கரிமருந்துக்காகப் பிறந்தவை. 1884-ல் பிரான்ஸில் போல் வியெல் ரைபிளுக்கான புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம் நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் ஆலை வந்துவிட்டது. இந்தப் புது மருந்தை எவ்வளவுக்கு எவ்வளவு நெருக்கி அடைக்கிறோமோ, அவ்வளவுக்கு வேகமாக எரியும். அளவில் சிறிது பிசகினாலும் அழுத்தம் எங்கோ போய்விடும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது குழலின் அடிப்பாகத்து முத்திரை. சோதனைச் சாலை என்பது, வழக்கத்துக்கு மிஞ்சிய தோட்டாவைச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை குத்தும் இடம். பர்மிங்காமில் அது 1813-லிருந்து நடக்கிறது. ஆங்கிலத் துப்பாக்கியில் ‘என்.பி.’ என்றிருந்தால், புகையில்லா மருந்துக்குச் சோதித்தது என்று பொருள். 1954 விதிகளுக்குப் பின் அழுத்தத்தையும் பொறித்தார்கள்: 12 போரில் இரண்டரை அங்குல அறைக்குச் சதுர அங்குலத்துக்கு 3 டன், இரண்டே முக்கால் அங்குல அறைக்கு 3¼ டன்.

இனி ஹவில்தாரின் தோட்டாவுக்கு வருவோம். தோட்டாவின் நீளம், சுட்டபின் வாய் விரிந்த நிலையில் உள்ள நீளம். வாயை மடித்து மூடியிருக்கும்போது அது குட்டையாக இருக்கும். ஆகையால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் சமர்த்தாகப் போய் உட்காரும். சுட்டவுடன் மடிப்பு விரிந்து, அறைக்கு முன்னால் குறுகும் பாகத்தில் அடைத்துக்கொள்ளும். ரவை போகும் வழி இறுகி அழுத்தம் ஏறும். இதைவிடப் பயங்கரம், 12 போர் குழலில் தவறிப்போட்ட 20 போர் தோட்டா. அது அறையைத் தாண்டி வழுக்கிப் போய் நடுவில் நின்றுவிடும். காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். இப்போது 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இதற்காகத்தான்.

“அப்போ ரவை கம்மியா, உதை மெதுவா இருக்கிற தோட்டாவா வாங்கிட்டாப் போச்சு” என்றார் ஹவில்தார்.

அதுவும் போதாது. உதை என்பது வெளியே போகும் ரவையின் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. அழுத்தமோ, மருந்து எரியும் விதத்தைப் பொறுத்தது. சீக்கிரம் எரியும் மருந்து, குறைந்த ரவையோடும் மிகுந்த அழுத்தம் தரக்கூடும். தோள் அறிவது வேறு, குழல் அறிவது வேறு. தயாரித்தவர் அழுத்தத்தை அளந்து சொல்லியிருக்க வேண்டும். அறை நீளத்தையும் குழல் கனத்தையும் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியர் அளந்து பார்த்திருக்க வேண்டும். முத்திரையும் அது குத்திய நாளுக்குத்தான் சாட்சி. பிற்காலத்துத் துருவுக்கும், துருவைப் போக்கக் குழலைக் கடைந்ததற்கும் அது பொறுப்பல்ல.

ஹவில்தார் துப்பாக்கியைக் கழற்றினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் தேடினார். பழைய கரிமருந்து முத்திரைகள் இருந்தன; ‘என்.பி.’ இல்லை. இதற்கு எந்தப் புதுத் தோட்டாவும் ஆகாது. வங்கி வேலையும் இல்லை என்று அதற்குப் பொருள்.

மறுபடி பூட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தார். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலில் தடியோடு காவல் இருக்கிறார். சம்பளம் குறைவுதான். போன வாரம் பார்த்தபோது, “வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவ விரல் இருக்குதே சார், அது போதும்” என்றார்.