விலக்குக் கேட்டவரும் வேண்டாம் என்றவரும்

1840-களில் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பும் பாடத்தில் சேர்த்தி. வாசிப்பது புராட்டஸ்டன்ட்டுகளின் கிங் ஜேம்ஸ் பதிப்பு. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கர்களின் பிள்ளைகளுக்கும் அதுதான். 1842 நவம்பரில் ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் பள்ளி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். பைபிளே வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகள் எங்களுடைய டூவே பதிப்பை வாசிக்கட்டும், மற்ற மதப் பாடங்களிலிருந்து அவர்களுக்கு விலக்குக் கொடுங்கள் என்றார்.

நிர்வாகம் பாதி இறங்கி வந்தது. பெற்றோர் கேட்டால் விலக்கு உண்டு. வேறு பதிப்பும் வாசிக்கலாம், ஆனால் விளக்கக் குறிப்புகள் கூடாது. டூவே பதிப்போ குறிப்புகளோடுதான் வரும்! சாமர்த்தியமான அனுமதிதான்.

1844 தொடக்கத்தில் கென்சிங்டன் பகுதிப் பள்ளிகளைக் கவனித்துவந்த ஹியூ கிளார்க் என்ற கத்தோலிக்கர், குழப்பம் தீரும்வரை ஒரு பெண்கள் பள்ளியில் வாசிப்பை நிறுத்தி வைக்கலாமே என்றார். போதாதா? கத்தோலிக்கர்கள் பைபிளையே பள்ளியிலிருந்து தூக்கப்போகிறார்கள் என்று வதந்தி பரவியது. மே 6 அன்று குடியேறிகளுக்கு எதிரான கட்சி கென்சிங்டனில் கூட்டம் போட்டது. மழை வந்தது, கூட்டம் பக்கத்துச் சந்தைக் கொட்டகைக்குள் ஒதுங்கியது. அங்கே வாய்ச்சண்டை முற்றித் துப்பாக்கி வெடித்தது. மே 8-இல் செயின்ட் மைக்கேல் தேவாலயமும் செயின்ட் அகஸ்டின் தேவாலயமும் எரிந்தன. ஆயிரக்கணக்கான நூல்களோடு ஒரு நூலகமும் போயிற்று. கிளார்க்கின் வீடும் தப்பவில்லை. ஜூலையில் சவுத்வார்க்கில் மறுபடியும் கலவரம்.

இதெல்லாம் வேத பக்தியால் மட்டும் வந்த வினை என்று நான் நம்பவில்லை. வந்தேறிகள் குடியுரிமைக்கு 21 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது அந்தக் கட்சியின் கோரிக்கை. கூலிக்கும் ஓட்டுக்கும் நடந்த போட்டிக்குப் பைபிள் நல்ல கொடியாகக் கிடைத்தது. கத்தோலிக்கர்கள் பிறகு சொந்தப் பள்ளிகளைப் பெருக்கிக்கொண்டார்கள்.

நூறாண்டு தாண்டி, பிலடெல்ஃபியாவை ஒட்டிய அபிங்டனில் அதே தகராறு வேறு உருவில் வந்தது. தினமும் 10 வசனம் வாசிக்க வேண்டும் என்பது பென்சில்வேனியா சட்டம். 1956 நவம்பரில் எல்லரி ஷெம்ப் என்ற மாணவர் அந்த நேரத்தில் குர்ஆனைத் திறந்து மௌனமாக வாசித்தார். குடும்பம் வழக்குப் போட்டது. வழக்கு நடக்கும்போதே 1959-இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது: பெற்றோர் கடிதம் கொடுத்தால் பிள்ளைக்கு விலக்கு.

கென்ரிக் கேட்ட விலக்கு சட்டமாகவே கிடைத்துவிட்டது. எல்லரியின் தந்தை எட்வர்ட் வேண்டாம் என்றார். வெளியே போகும் பிள்ளையை மற்றவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள். நாத்திகன், கம்யூனிஸ்ட் என்று முத்திரை விழும். தண்டனை பெற்றவன்போல் தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். நீதிமன்றத்தில் அவர் சொன்ன காரணங்கள் இவை. விலக்கு என்பதன் உண்மை விலையை இவ்வளவு துல்லியமாக எந்தச் சட்ட நிபுணரும் சொன்னதாகத் தெரியவில்லை.

1963 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. அரசுப் பள்ளி நடத்தும் பைபிள் வாசிப்பு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு முரணானது. விலக்கு இருப்பதால் அது சரியாகிவிடாது. பைபிளை இலக்கியமாகவோ வரலாறாகவோ கற்பிக்கத் தடையில்லை என்றும் தீர்ப்பை எழுதிய நீதிபதி டாம் கிளார்க் சேர்த்துக்கொண்டார். தென் மாநிலப் பள்ளிகள் பல, தீர்ப்பு வந்ததே தெரியாததுபோல் வாசிப்பைத் தொடர்ந்தன. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)