வட்டமாக வரைந்த வானலை

1971 ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவுகளிடையே கணனிகள் கம்பியின்றி, வானொலி அலை வழியாகச் செய்தி பரிமாறத் தொடங்கின. அலோகா எனப்பட்ட அவ்வலையமைப்பை வகுத்த பேராசிரியர் ஏபிரம்சன், இரு செய்திப் பொதிகள் ஒரே வேளையில் எழுந்து மோதின் இரண்டும் அழியும் எனக் கொண்டார். வழியின் கொள்ளளவில் நூற்றுக்கு 18 பங்கே பயன்படும் என்பது அதனாற் கண்ட முடிபு. 1972 இல் லோறன்ஸ் றொபேட்ஸ் என்பார் வேறொன்றைச் சுட்டினார்: அண்மையிலிருந்து வரும் வலிய அலை, சேய்மையிலிருந்து வரும் மெலிய அலையை மேவிப் பிழையின்றிச் சென்றடைதல் கூடும். இவ்வொரு கருத்தைச் சேர்த்தவுடன், நெறிமுறையில் எம்மாற்றமுமின்றியே பயன் உயர்ந்து தோன்றிற்று.

பின்னாளில் நடமாடும் வானொலி நிலையங்களை ஆராயும் காலம் வந்தது. அவற்றை வெளியிலே உலவவிட்டுச் சோதித்தல் பெருஞ்செலவு வேண்டுவது. ஆகவே கணனியினுள்ளேயே வலையமைப்பைப் பாவனையாக அமைத்துச் சோதிப்பது வழக்காயிற்று. 1998 இல் கார்னகி மெலன் சர்வகலாசாலையினர் 1500 மீற்றர் நீளமும் 300 மீற்றர் அகலமுமுள்ள பாவனைத் தளமொன்றில் 50 நிலையங்களை உலவவிட்டு, செய்திக்கு வழிதேடும் நான்கு நெறிமுறைகளை ஒப்பிட்டனர். அண்மையில் அலையின் வலு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகவும், சேய்மையில் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாகவும் குறையும் என்பது அவர்கள் கொண்ட விதி. 250 மீற்றர்வரை செய்தி கேட்கும், அப்பாற் கேளாது. சமதரையில் வரைந்த வட்டமே அலையின் எல்லையாயிற்று. அவ்வாய்வு அரியதொரு முயற்சியே. ஆயின் பின்வந்தோர் பலர் அவ்வட்டத்தை இயற்கையின் நியதியெனவே கொண்டனர். மேடும் மரமும் மதிலுமில்லாத நிலம் கணனிக்கு வெளியே எங்குளது?

2001 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாச் சர்வகலாசாலையினர் அலையின் தேய்வு, மங்கல், குறுக்கீடு முதலியவற்றைக் கணக்கிடும் முறையை மாற்றிப் பார்த்தனர். எல்லா நெறிமுறைகளும் ஒரேயளவில் தாழ்ந்திருப்பின் கேடில்லை; தரவரிசையாவது எஞ்சியிருக்கும். நிகழ்ந்ததோ வேறு. ஒன்று சிறிதும் மற்றொன்று பெரிதுமாகத் தளர்ந்தமையால், அதே சூழலில் முந்தி நின்றது பிந்தவும் கூடுமெனக் கண்டனர். நெறிமுறையின் சிறப்பென எண்ணப்பட்டது அலையை வரைந்த முறையின் விளைவாகவும் இருக்கலாமன்றோ?

மறு ஆண்டில் சுவீடனின் உப்சலாச் சர்வகலாசாலையினர் உண்மைக் கருவிகளோடு சோதித்தபோது இது கண்கூடாயிற்று. அயல் நிலையம் உளதா என அறிவதற்கு அனுப்பப்படும் சிறு முகமன் பொதிகள் மெதுவாகச் செல்வன. மெலிந்த அலையிலும் கேட்பன. செய்தியைத் தாங்கும் பெரும் பொதிகளோ விரைந்து செல்வன. அவற்றுக்கு வலிய அலை வேண்டும். ஆகவே நிலையத்தின் எல்லைப்புறத்தில் முகமன் கேட்டது, செய்தி சேரவில்லை. வழியுண்டென நம்பி நெறிமுறை ஓயாது அனுப்பிக்கொண்டேயிருந்தது. அப்பகுதிக்குச் சாம்பல் வலயம் எனப் பெயரிட்டனர். பாவனைச் சோதனையில் அது தோன்றாமைக்குக் காரணம் வெளிப்படை: வட்டத்துக்கு உள்ளும் புறமுமன்றி இடைநிலை இல்லை.

2003 இல் டாட்மத் கல்லூரி ஆய்வாளர் இத்தகைய பிழைக் கொள்கைகள் ஆறினைத் தொகுத்துரைத்தனர். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்பின் மற்றவர் குரலும் இவருக்குக் கேட்கும் என்பது அவற்றுளொன்று. பின்னர் அவர்கள் திறந்த வெளியொன்றில் மடிக்கணனிகளை ஏந்தி மாந்தரை நடக்கவிட்டு, அதே நடையின் சுவடுகளைப் பாவனைக் கணனிக்கும் அளித்தனர். எளிய அலைக் கணக்குகள் தந்த முடிபுகள், அவ்வெளியில் அளந்த முடிபுகளினின்றும் பெரிதும் விலகி நின்றன.