கெண்டிச் செடியும் குளிர் நாடும்

தை மாத விடியலிலே பட்டிப்பொலப் புற்றரைகள் சில நாட்களில் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். 1,891 மீற்றர் உயரத்திலே புகையிரத நிலையமுடைய அவ்வூரை அடுத்த ஓட்டன் சமவெளியில், யூற்றிக்குலேரியா முதலிய சிற்றுயிருண்ணும் பூண்டுகள் அக்குளிரைத் தாங்கி வளர்கின்றன. சிங்கள மக்கள் பந்துரா என வழங்கும் கெண்டிச் செடியோ தாழ்நில ஈரவலயத்துக்கு உரியது; உறைபனியை அறியாதது. அச்செடி ஐரோப்பாவின் பனிக்காலத்தைக் கடந்தது எங்ஙனம்?

ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1672 இல் இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் இந்நாட்டுச் செடிகளைத் திரட்டினார். சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 1737 இல், ஹோமரின் காவியம் கூறும் துயர்போக்கும் மருந்தின் பெயரையே கெண்டிச் செடிக்குச் சூட்டி, 'நெப்பந்தீஸ்' என்றார். ஆயின் 1753 இல், கேசரமும் சூலகமும் ஒரே பூவில் இணைந்த வகுப்பிலே அதனைச் சேர்த்துவிட்டார். உண்மையில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. கேசரங்களை எண்ணியே தாவர உலகை வகுத்த பேரறிஞர் வழுவிய இடம் இது!

1789 இல் சேர் யோசெப் பாங்ஸ் உயிர்ச்செடியைப் பிரித்தானியாவுக்குக் கொணர்வித்தார். அனலூட்டிய கண்ணாடி மனைகள் குளிரை வென்றன. விதையைத் தர அவற்றால் இயலவில்லை. தண்டுத் துண்டுகளிலிருந்து பெருக்கிய செடிகள் யாவும் தாய்ச்செடியின் பாலையே பெற்றன. இரு பாற் செடிகளும் ஒருங்கே பூக்குங்காலம் பார்த்து, காட்டிலே பூச்சிகள் ஆற்றும் தொழிலைத் தோட்டக்காரன் தன் கையால் ஆற்றவேண்டியதாயிற்று. வீச் குடும்பத்தாரின் நாற்றுத்தோட்டத்திலே யோன் டொமினி அவ்வாறு வேறிரு இனங்களைக் கலந்து பெற்ற செடி, 1862 இல் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.