இளகிய ஸ்பிரிங், இறுக்கமான ஷாக் அப்சார்பர்

நம் வயதுக்காரர்களுக்கு வில்வண்டி தெரிந்திருக்கும். பாரவண்டியில் போனால் குடல் குலுங்கும். அடியில் கமான் பட்டை வைத்த வில்வண்டியில் சொகுசாக அசைந்து போகலாம். ஆனால் மாட்டை விரட்டிவிட்டால், ஒரு பள்ளத்தில் குதித்த வண்டி அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். காரிலும் இதே கதைதான். ஸ்பிரிங் குலுக்கலை வாங்கிக்கொள்ளும், ஆட்டத்தை நிறுத்தாது. நிறுத்துவது ஷாக் அப்சார்பரின் வேலை. இரண்டுக்கும் பொருத்தம் பார்க்காவிட்டால் குடித்தனம் நடக்காது.

நான் மெக்கானிக்கல் படித்தவன் என்பதால் இந்தப் பொருத்தத்தின் வரலாறு எனக்கு எப்போதும் பிடிக்கும்.

1930கள் வரை, வேகமாகப் போகும் கார் என்றால் ஸ்பிரிங் கல் மாதிரி இருக்க வேண்டும் என்றே எல்லோரும் நம்பினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. அன்றைய ஷாக் அப்சார்பர்களில் பல, வட்டத் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி உராய வைப்பவை. சின்ன மேட்டில் அசையாமல் பிடித்துக்கொள்ளும். பெரிய பள்ளத்தில் போதாமல் போகும். அதை நம்பி இளகிய ஸ்பிரிங் போட யாருக்குத் தைரியம் வரும்?

1934இல் கிராண்ட் பிரீ பந்தயத்துக்குப் புது விதி வந்தது. பெட்ரோல், ஆயில், தண்ணீர், டயர் நீங்கலாகக் கார் 750 கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. வேகத்தைக் குறைக்கத்தான் இந்த விதி. ஜெர்மானியர்களோ லேசான காரில் பெரிய இன்ஜினை வைத்துவிட்டார்கள். 1936இல் மெர்சிடிஸ் பென்ஸுக்குச் சோதனைக் காலம். ஆட்டோ யூனியன் காரில் ரோஸ்மையர் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். மெர்சிடிஸ் அணி பருவம் முடியும் முன்பே பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டது.

அப்போது பொறுப்புக்கு வந்தவர் ருடால்ஃப் ஊலன்ஹவுட். வயது 30. இவர் மேஜையில் உட்கார்ந்து காரணம் தேடவில்லை. நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் தானே காரை ஓட்டிப் பார்த்தார். ஸ்பிரிங் விறைப்பாக இருந்ததால் சக்கரம் தரையில் நிற்காமல் துள்ளியது. சட்டமோ வலுவில்லாமல் வளைந்தது. வளைய வேண்டியது வளையவில்லை, வளையக் கூடாதது வளைந்தது!

1937இல் வந்த டபிள்யூ 125 காரில் எல்லாம் தலைகீழ். முட்டை வடிவக் குழாய்களால் ஆன விறைப்பான சட்டம், இளகிய ஸ்பிரிங், சக்கரம் மேலும் கீழும் நன்றாகப் போய்வர இடம், ஆட்டத்தை அடக்க ஆயில் ஷாக் அப்சார்பர். ஏறத்தாழ 590 குதிரைத்திறன் உள்ள அந்தக் காரில் கராச்சியோலா அந்த ஆண்டு சாம்பியன் பட்டத்தை மீட்டார்.

லேசான காருக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு. காரின் எடை ஸ்பிரிங்கை 25 செ.மீ. அமுக்கினால் கார் நொடிக்கு ஒரு முறை ஆடும். 11 செ.மீ. என்றால் ஒன்றரை முறை, 6 செ.மீ. என்றால் இரண்டு முறை. ஆகவே பெரிய காரின் ஸ்பிரிங்கைக் கழற்றி லேசான காரில் மாட்டினால் அமுங்கல் குறையும், ஆட்டம் படபடக்கும். 1400 கிலோ காரில் 70 கிலோ ஆட்கள் இருவர் ஏறினால் எடை பத்தில் ஒரு பங்கு கூடும். 700 கிலோ காரில் ஐந்தில் ஒரு பங்கு கூடும். போதாக்குறைக்கு, உடல் இளைத்த அளவுக்குச் சக்கரமும் பிரேக்கும் இளைப்பதில்லை. சக்கரம் எகிறும்போது கனமான உடல் அசையாமல் இருக்கும். லேசான உடலும் சேர்ந்து எகிறும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்ட இன்னொருவர் இங்கிலாந்தின் காலின் சாப்மன். 1962இல் அவருடைய லோட்டஸ் எலான் வந்தது. எடை 700 கிலோவுக்கும் குறைவு. விறைப்பான இரும்பு முதுகெலும்பின் மேல் ஃபைபர் உடல். ஸ்பிரிங் இளக்கம், ஷாக் அப்சார்பர் அதற்கேற்ற அளவு. சொகுசாகவும் போகும், வளைவில் தரையை விடாமலும் பிடிக்கும். 1989இல் மஸ்டா எம்எக்ஸ் 5 காரை உருவாக்கியவர்களுக்கும் எலான் ஒரு முன்மாதிரி.

இவ்வளவையும் எழுதக் காரணம், இன்று சில பிள்ளைகள் கார் தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய ஸ்பிரிங் குட்டையாவது மட்டுமல்ல, விறைப்பாகவும் ஆகிறது. பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது. மழை நாளில் மேடு பள்ளமான வளைவில் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டால், அந்தக் கணத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை.

உங்கள் வீட்டுப் பேரனுக்கு இந்த ஆசை இருந்தால், திட்டாமல் ஊலன்ஹவுட் கதையைச் சொல்லிப் பாருங்கள். பந்தயக்காரர்களே கைவிட்ட விறைப்பு நமக்கு எதற்கு?